உரிமம் பூங்குழலி பேரில்

டிரைவர் முனீஸின் காரியம் முடிந்த மறுநாள் காலையிலும் பூங்குழலிக்கு அழுகை வரவில்லை.

அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், தாராபுரம் ரோட்டில் அவன் ஓட்டிப்போன மினி லாரி கரிக்கட்டையாகக் கிடந்ததை அவள் நேரில் போய்ப் பார்த்தாள். ரோட்டோரக் காட்டுக்குள் உருண்டு கிடந்த சிலிண்டர்களைப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் முனீஸின் மனைவி வேல்விழி மண்ணில் விழுந்து புரண்டதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. அதற்கு மேல் உள்ளே எதுவும் இறங்கவில்லை.

"கையப் பாரு கண்ணு!" என்று மாமியார் மருதாள் கத்தியபோதுதான், சூடான பால் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. விரல்கள் சிவந்திருந்தன. குழாயில் கையை நீட்டினாள். தண்ணீர் ஓடியது. அவ்வளவுதான்.

மண்ணரையில் அவர்களுக்கு ஒரு கேஸ் குடோன் இருக்கிறது. பாய்லர் வேலைக்கும் வெல்டிங்குக்கும் ஆக்ஸிஜன், பலூனுக்கு ஹைட்ரஜன். திருப்பூரில் எந்த ஷோரூம் திறந்தாலும், எந்த பனியன் கம்பெனிக்கு ஆண்டு விழா வந்தாலும், மேலே ஒரு பலூன் பறந்தாக வேண்டும். அதற்குள் அடைக்கிற வாயு பாதிக்குப் பாதி இந்தக் குடோனிலிருந்துதான் போனது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் சரவணக்குமார். லாரி ஓட்டியவன் முனீஸ்.

ஆனால் குடோனுக்கான உரிமம் மட்டும் பூங்குழலியின் பேரில் இருந்தது.

ஆரம்பித்த காலத்தில் சரவணக்குமார் ஒரு டையிங் கம்பெனியில் வேலையில் இருந்தான். "உம்பேர்ல எடுத்துக்கலாம் புள்ள. நீ கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். போட்டாள். புதுப்பிக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். குடோனுக்குள் அவள் போனது ஆயுதபூஜைக்கு மட்டும்தான்.

இன்றைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அழுத்தி அடைத்த வாயு எதுவானாலும், அதை எங்கே வைக்க வேண்டும், எப்படி ஏற்றிப் போக வேண்டும் என்று பார்க்கிற வெடிபொருள் துறையின் அதிகாரி.

சரவணக்குமார் சாப்பிட உட்கார்ந்தான். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது. விபத்துக்குப் பிறகு அவனும் சரியாகத் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு பேருமே மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கிட்டத்தான் மொதல்ல கேப்பாங்க" என்றான். "ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். டிரைவரு சொல் பேச்சுக் கேக்க மாட்டானுங்க, அவனா ஏத்திட்டுப் போயிட்டானுங்க. அவ்வளவுதான்."

மாமனார் ஆறுச்சாமி நாற்காலியில் சாய்ந்தபடி ஒத்து ஊதினார். "செத்தவன ஜெயில்ல போட முடியாது அம்மிணி. இருக்கறவங்களப் பாக்கோணும். உன்னியக் காப்பாத்தத்தான் சொல்றோம்."

"செரிங்க மாமா" என்றாள் பூங்குழலி.

அந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமானைச் சொல்லிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"நீங்க வர்லீங்களாப்பா?" என்று சரவணக்குமார் எழுந்தான்.

"நா நல்லூர் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்றேன். நீங்க பாத்து முடிங்க" என்றார் ஆறுச்சாமி. நல்லூரில் அவருக்கு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது.

அதிகாரி தங்கவேலு ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை. சத்தமாகப் பேசத் தெரியாதவர் போல் இருந்தார். குடோன் வாசலிலேயே நின்று, "செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வெளியே வெச்சிடுங்க" என்றார். தன்னுடைய செல்போனை முதல் ஆளாக ஜீப்பில் வைத்தார்.

உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கறுப்பு சிலிண்டர் ஆக்ஸிஜன். சிவப்பு சிலிண்டர் ஹைட்ரஜன். இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய தார்ப்பாய் தொங்கியது. அதை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"உரிமதாரர் யாருங்க?"

"நாந்தானுங்க" என்றாள் பூங்குழலி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதப்பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

அவள் சரவணக்குமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"பரவாயில்ல. நானே சொல்றேன்" என்றார் தங்கவேலு. "ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியாது. எரிஞ்சா பகல் வெளிச்சத்துல அந்த நெருப்பு கண்ணுக்கே சரியாத் தெரியாது. அதனாலதான் இத்தனை விதி. இதையும் ஆக்ஸிஜனையும் ஒண்ணா வைக்கக் கூடாது, ஒண்ணா ஏத்தக் கூடாது. ஏத்துறப்ப தலையில இருக்கிற வால்வுக்கு இரும்பு மூடி போட்டிருக்கணும். வண்டி கவிழ்ந்தாலும் வால்வு உடையாது. தாராபுரம் ரோட்டுல கிடந்த எந்தச் சிலிண்டர்லயும் மூடி இல்ல. ரெண்டு வாயுவும் ஒரே வண்டில இருந்திருக்கு. யார் ஏத்தச் சொன்னது?"

"டிரைவரு சொல் பேச்சுக் கேக்க மாட்டானுங்க" என்றாள் பூங்குழலி. "அவனா ஏத்திட்டுப் போயிட்டானுங்க."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! குரல் கூட நடுங்கவில்லை. சரவணக்குமார் மெல்ல மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. தங்கவேலு தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

வாசலில் யாரோ நின்றார்கள். வேல்விழி.

கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. கம்பெனியிலிருந்து பாதி வேளை அனுமதி கேட்டு வந்திருப்பாள் போல. முந்தானையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பூங்குழலி வெளியே போனாள்.

"அக்கா, அவுக சட்டை ஒண்ணு இங்கன தொங்குதுன்னு சொன்னாக. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

குடோனை ஒட்டிய ஷெட்டின் ஓரத்தில், ஆணியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை மாட்டியிருந்தது. பூங்குழலி அதை எடுத்துக் கொடுத்தாள். வேல்விழி வாங்கி, மடிக்காமல், அப்படியே மார்போடு வைத்துக்கொண்டாள். போகவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா?"

"கேளு வேல்விழி."

"லைன் வீட்டுல எல்லாரும் பேசிக்கிடுதாக, குடிச்சிட்டுத்தான் ஓட்டுனாகன்னு. சின்னவ காதுலயும் விழுந்துட்டு. 'அப்பா குடிச்சாங்களாம்மா'ன்னு எங்கிட்டயே கேக்கா. விடியக்காலம் நான் ஷிப்டுக்குப் போய்ட்டேன், அவுக கிளம்புறத நான் பாக்கல. நீங்க பாத்திருப்பீக. குடிச்சிருந்தாகளா அக்கா?"

அவள் பழி போடவில்லை. சண்டைக்கு வரவில்லை. பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

"இல்ல" என்றாள் பூங்குழலி. "முனீஸ் குடிக்கலெ. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சாவி வாங்கிட்டுப் போனாப்ல. தெளிவாத்தான் இருந்தாப்ல."

"பொறவு எப்படிக்கா வண்டி இப்படி ஆச்சு? நல்லா ஓட்டுவாகளே."

பூங்குழலிக்கு அன்றைய காலை ஞாபகம் வந்தது. சரவணக்குமார் தோசை சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் அடுத்த தோசையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். 'மூடி இல்லாட்டி என்னடா, சாக்கச் சுத்திக் கட்டு. ஆக்ஸிஜனையும் அதுலயே போடு, எதுக்கு ரெண்டு நடை?' அந்தப் பக்கம் முனீஸ் ஏதோ மறுத்துப் பேசினான். 'நாஞ் சொல்றேன்ல? ஏத்துடா.' அவள் தோசையைத் தட்டில் வைத்தாள். சட்னி போதுமா என்று கேட்டாள்.

"நீ போ வேல்விழி" என்றாள். "சின்னவகிட்டச் சொல்லு, அப்பா குடிக்கலேன்னு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

வேல்விழி போகிறவரை நின்றுவிட்டு, திரும்பி நேராக அதிகாரியிடம் வந்தாள்.

"சார், நா முன்ன சொன்னது நெசமில்லீங்க."

சரவணக்குமார் திடுக்கிட்டான். "பூங்குழலி!"

"டிரைவரு வேண்டாம்னுதான் சொன்னாருங்க. எங்க ஊட்டுக்காரருதான் ஏத்தச் சொன்னாரு. போன்ல பேசினத நான் பக்கத்துல நின்னு கேட்டேனுங்க."

தங்கவேலு அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்தார்.

"அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கங்க. உரிமம் உங்க பேர்ல. நீங்க இப்ப சொன்னது உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி உங்களத்தான் பிடிக்கும். கேட்டும் தடுக்கலன்னு வரும்."

"தடுக்கலீங்க" என்றாள் பூங்குழலி. "அதுவும் நெசந்தானுங்க."

சரவணக்குமார் சுவரோடு சாய்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. முகத்தில் கோபத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது.

அதிகாரி சிவப்பு சிலிண்டர்களை எண்ணினார். ஒரு தடவை, இரண்டு தடவை. "கோயமுத்தூர்ல நிரப்பித் தர்ற இடத்துல விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். "அவங்க அனுப்பினதுல பாதிகூட இங்க இல்லையே. மிச்சம் எங்க?"

"வித்தாச்சுங்க" என்றான் சரவணக்குமார்.

"யாருக்கு?"

சரவணக்குமார் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குடோனுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைக்க ஏற்பாடு செய்ய அதிகாரி வெளியே போனார். பூங்குழலி கணவனின் அருகில் வந்தாள்.

"எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

"உனக்கு எதுக்கு?"

"எங்கீங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, குரல் இறங்கிவிட்டது. "நல்லூர்ல. அப்பா கட்டடத்துல. கீழ் ரூம்ல. லைசென்ஸுல இருக்கறதுக்கு மேல சரக்கு இருந்துது. ஆபீசரு வந்துட்டுப் போற வரைக்கும்னு வெச்சேன். பூட்டித்தான் இருக்குது."

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லீங்களே. மேல தைச்சுட்டு இருக்கறாங்களே."

"ஒண்ணும் ஆவாது புள்ள. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

அவள் அங்கே நிற்கவில்லை. நேராக ஜீப்புக்குப் போய் அதிகாரியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் ஏறச் சொல்வதற்கு முன்னாலேயே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சரவணக்குமார் பைக்கில் பின்னால் வந்தான்.

நல்லூரில் அந்தச் சந்து குறுகலானது. டீக்கடை, நிட்டிங் மெஷின் ஓடுகிற ஒரு வீடு, அதை ஒட்டி ஆறுச்சாமியின் கட்டடம். மாடியில் தையல் மெஷின்கள் சேர்ந்து இரைகிற சத்தம் தெருவரைக்கும் வந்தது. கீழ் அறையின் இரும்புக் கதவில் பெரிய பூட்டு. அதிகாரி கதவின் கீழ் இடுக்கு வழியாகச் சிவப்பு சிலிண்டர் அடுக்கைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"மேல இருக்கிறவங்க எல்லாம் கீழ வரணும். இப்பவே. யாரும் சுவிட்சத் தொட வேண்டாம், ஒரு பொறி போதும். ஓடுறது ஓடட்டும், நிக்கிறது நிக்கட்டும். அப்படியே இறங்கி வரட்டும்."

பூங்குழலி மாடிப்படி ஏறினாள்.

நீளமான ஹால். டியூப் லைட் வெளிச்சத்தில் வரிசையாகத் தலைகள் குனிந்திருந்தன. மூலையில் அயர்ன் டேபிளிலிருந்து ஆவி எழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னக்கா? யாரு நீங்க?"

"எல்லாரையும் கீழ எறங்கச் சொல்லுங்க. மெஷின ஆஃப் பண்ண வேண்டாம்."

"நல்லாருக்கே! சாயங்காலம் கன்டெய்னர் கிளம்புது. பீஸ் முடியல. ஓனர்ட்ட பேசுங்க."

"கீழ் ரூம்ல ஹைட்ரஜன் சிலிண்டரு அடுக்கி வெச்சிருக்குதுங்க. தாராபுரம் ரோட்டுல எரிஞ்சுதே, அதே சரக்கு. லைசென்ஸு எம்பேர்ல இருக்குது. நாஞ் சொல்றேன், எறங்குங்க."

அவள் கத்தவில்லை. அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அதனாலேயே சூப்பர்வைசர் மிரண்டுவிட்டார். முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இந்தியில் யாரோ யாருக்கோ கத்திச் சொன்னார்கள். அப்புறம் ஹாலே எழுந்தது. சோற்று வாளியை எடுக்கத் திரும்பியவளைப் பூங்குழலி தோளைப் பிடித்துப் படிப்பக்கம் தள்ளினாள். கடைசி ஆள் இறங்குகிறவரை அங்கேயே நின்றாள். ஆளில்லாத ஹாலில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

சரவணக்குமார் கீழே சாவியைக் கொடுத்திருந்தான். அதிகாரி எல்லோரையும் சந்து முனைக்கு அனுப்பிவிட்டு, தனியாகப் போய்க் கதவைத் திறந்தார். திறந்ததும் உள்ளே போகவில்லை. காற்று போய் வரட்டும் என்று ஒதுங்கி நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே போனார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கசிவு இருக்கிற மாதிரி தெரியல. நம்ம நல்ல நேரம்" என்றார். "எத்தன வெச்சீங்க?"

"இருபத்தெட்டுங்க" என்றான் சரவணக்குமார்.

"இருபத்தேழுதான் இருக்கு."

"இருக்காதுங்க. நானே எறக்கி வெச்சேன்."

"நல்லா எண்ணிட்டேன். ஒண்ணு குறையுது. இன்னொரு சாவி யார்கிட்ட?"

சரவணக்குமார் மனைவியைப் பார்த்தான். "அப்பாகிட்டங்க."

அவன் அப்பாவின் செல்போனுக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பூங்குழலி டீக்கடையில் ஒரு ரூபாய் காசு போடும் போனிலிருந்து வீட்டு நம்பரைப் போட்டாள். மருதாள் எடுத்தாள்.

"உங்க மாமா இப்பத்தான் வந்து சோறு உண்டுபோட்டு ஒரு கலியாணத்துக்குப் போனாரு கண்ணு. செல்லு இங்க சார்ஜுல கெடக்குது."

"அத்தை, நல்லூர்ல யாருக்காச்சும் சிலிண்டரு எடுத்துக் குடுத்தாராங்க?"

"ஆமா. யாரோ புது பலூன்காரன் வந்து நின்னானாமா. குடோன்ல ஆபீசரு இருக்கறாங்க, அங்கத்தப் போவாதேன்னு சொல்லி, நல்லூர்ல இருந்தே ஒண்ண ஆட்டோவுல ஏத்தி அனுப்பிச்சாராமா. ஏதோ பள்ளிக்கூடத்துல இன்னிக்கு ஆண்டு விழாவாமா. குழந்தைங்களுக்கெல்லாம் பலூன் குடுக்கறாங்களாமா."

"எந்தப் பள்ளிக்கூடமுங்க?"

"அதக் கேக்கலியே கண்ணு. ஏன், என்னாச்சு?"

பூங்குழலி ரிசீவரை வைத்தாள். கேட்டதை அப்படியே அதிகாரியிடம் சொன்னாள். அவர் சரவணக்குமாரிடம் திரும்பினார்.

"அந்தச் சிலிண்டருக்காவது மூடி இருக்கா?"

"இங்க வெச்ச எதுக்குமே இல்லீங்க" என்றான் அவன்.

தங்கவேலு ஜீப்பிலிருந்து செல்போனை எடுத்துப் போலீசுக்கு அடிக்க ஆரம்பித்தார். சந்து முனையில் நின்ற பெண்கள் என்னவென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி மூன்றரை இருக்கும். ஆண்டு விழாக்கள் ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்கும்.

பூங்குழலிக்குக் காலையில் சுட்ட விரல்கள் இப்போதுதான் எரிந்தன. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க."

சரவணக்குமார் கிக்கரை உதைத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. வண்டி கிளம்பியது. ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எந்தப் பக்கம் போறது புள்ள? ஊருக்குள்ள எத்தனை பள்ளிக்கூடம்!"

"கிட்டத்துல இருக்கறதுல இருந்து ஆரம்பிங்க" என்றாள் பூங்குழலி. "எல்லாத்துக்கும் போலாம்."